காற்று குறைவு

துப்பாக்கி என்று சொன்னால்
ஒரு ரிங்கிட் அபராதம். உண்டியல் மேசைமேல் இருக்கிறது.
மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும்.
பாலிக் பூலாவ் மலையடியில் ஒரு தகரக் கொட்டகை,
அறுபத்திரண்டு மார்க்கர்கள், நான்.
வெயில் ஏற ஏறப் புட்டிக்குள் அழுத்தமும் ஏறும்;
பதினொரு மணிக்கு எல்லாத் திருகையும்
கால் சுற்று தளர்த்திவிடுவேன்.

இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர்கள்.
முதுகில் 'ஒற்றுமை நாள்' என்று அச்சடித்த நீலச் சட்டை.
முகமூடி வாங்க நின்ற வரிசையில்
யோகனேஸ்வரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:
"டாய்லெட்டுக்கு ஏழு நிமிஷந்தான்.
தாண்டுனா குணாளன் நோட்டுல பேரு."
நான் கேட்காததுபோல் முப்பத்தேழாம் எண்ணை
அவள் கையில் வைத்தேன்.

உள்ளே பெரிய இரகசியம் எதுவும் இல்லை.
ஒரு சுத்தியல். அதை முன்னே தள்ளத் துடிக்கும் சுருள்வில்.
இரண்டையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும்
நகத்தளவு கொக்கி.
விசையை அழுத்தினால் கொக்கி விடும்;
சுத்தியல் போய் வால்வின் ஊசியை ஒரு தட்டு தட்டும்;
திறப்பதும் மூடுவதும் ஒரே இமைப்பு.
அதற்குள் தப்பித்த காற்று
இரண்டாகப் பிரிகிறது.
ஒரு பங்கு உருண்டையைத் தூக்கிக்கொண்டு குழல் வழியே ஓடும்.
மறு பங்கு பின்னே திரும்பி
தனக்குக் கதவு திறந்த சுத்தியலையே
பழைய இடத்துக்குத் தள்ளிக் கொக்கியில் மாட்டும்.
எல்லாரும் முன்னே போனதைத்தான் பார்க்கிறார்கள்.
சாயம் அங்கேதானே தெறிக்கிறது.

புட்டி தீரப்போகும்போது
பின்னே போகிற பங்குக்கு வலு போதாது.
சுத்தியல் கொக்கியை எட்டாமல் பாதி வழியில் திரும்பும்,
தட்டும், திரும்பும், தட்டும்,
விரலை எடுத்த பிறகும் தானாகவே படபடக்கும்.
பார்க்கிறவர்கள் வெறி என்று நினைப்பார்கள்.
ஒன்றுமில்லாததன் சத்தம் அது.
உருண்டைகள் நாலடியில் சோர்ந்து விழும்,
விழுந்தும் உடையாது.

மூன்றாவது ஆட்டம்.
தார்ப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து
குணாளன் கை தூக்கிக்கொண்டு எழுந்தார், தோற்றேன் என்று.
அப்போதுதான் முப்பத்தேழு பேச ஆரம்பித்தது.
விசில் ஊதியும் நிற்கவில்லை.
"நான் அழுத்தல! தானா போவுது! தானா போவுது!"
யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும்.

கொட்டகைக்கு இருவரும் வந்தார்கள்.
அவர் நெஞ்சில் ஆரஞ்சு நிறத்தில் ஏழு.
நான் எண்ணினேன். எண்ணுவது என் வேலை.
ஏழும் உடைந்திருந்தன.
"யார் தப்பு? மிஷினா, ஆளா?
எழுதிக் குடுங்க, நான் மேலே காட்டணும்."

புட்டியைக் கழற்றித் தராசில் வைத்தேன்.
பாதிக்கு மேல் இருந்தது.
கழுத்தில் உறைபனி இல்லை. ரப்பர் வளையம் புதிது.
வேறு புட்டி மாட்டாமல், அதையே திரும்ப மாட்டி,
பின்கட்டு வலையில் ஒன்று சுட்டுப் பார்த்தேன்.
ஓர் அழுத்து, ஓர் உருண்டை,
அப்புறம் சுத்தியல் கொக்கியில் உட்காரும்
அந்தச் சின்ன 'டிக்'.
குணாளனுக்கு அது கேட்டிருக்காது.
அவளுக்குக் கேட்டது.
கையுறைக்குள் அவளுடைய ஆட்காட்டி விரல்
இன்னும் மடங்கியே இருந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
'மார்க்கர் 37. காற்று குறைவு.'
தேதி, நேரம், கையெழுத்து.
அவர் படமெடுத்துக்கொண்டார்.
அவள் முகமூடியைத் தந்துவிட்டு
நன்றிகூடச் சொல்லாமல் போனாள்; அதுவே நல்லது.

பேருந்து கிளம்பிய பிறகு
புட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்
வால்வைத் திறந்துவிட்டேன்.
எழுதியது பொய்யாக இருக்கக் கூடாதல்லவா.
வெகுநேரம் சீறியது.
பினாங்கின் உச்சி வெயிலில்
ஒரு கைப்பிடிப் புல் வெள்ளையாய் உறைந்து,
நான் குனிந்து தொடுவதற்குள்
நனைந்த புல்லாகிவிட்டது.